சாயம் பூசும் முன் சோதனை வேண்டும்

பால்வெட்டுத் தொழிலாளி விடியலில் சேர்த்த பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வரும்போது, அவருக்காக அங்கே தராசு மட்டும் காத்திருப்பதில்லை. மெட்ரோலாக் என்னும் கருவியும் காத்திருக்கிறது. பாலில் அதை மிதக்கவிட்டால் போதும். ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டிக் கொடுத்துவிடும். வெளுத்ததெல்லாம் பாலாகாது என்ற பழமொழியை நம் தோட்டத்து நிர்வாகங்கள் வெகு காலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டன.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். கத்தரியால் வெட்டினாலும், இருவர் பிடிக்கும் இயந்திரத்தால் வெட்டினாலும், கொழுந்து எடைபோடப்படும்போது அதில் முற்றிய இலை உண்டா, காம்பு உண்டா, களை உண்டா, ஈரம் அதிகமா என்று பார்க்கிறார்கள். கொழுந்து ஆலைக்குள் போய்த் தூளாகி வெளிவந்த பின்னரும் சோதனை நிற்பதில்லை. சுவை பார்ப்பவர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்து, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்புச் சொல்கிறார். இதில் குறை காண நாம் வரவில்லை. சரக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் அக்கறை உண்டு.

ஆனால் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அதே ஆலைக்குள் கண்டிராக்டர் ஒருவர் வருகிறார். படிக்கட்டு போடுகிறார், கைப்பிடிக் கம்பி ஒட்டுகிறார், தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கு சட்டம் கட்டுகிறார், கூரைக்கு இரும்புச் சட்டம் நிறுத்துகிறார். வேலை முடிந்ததும் பளபளவென்று வெள்ளிச் சாயம் பூசிவிட்டுப் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார். அவர் ஒட்டிய ஒட்டைச் சோதித்தது யார்? எந்தக் கருவி அதில் மிதந்தது? எந்தக் கிண்ணத்தில் அதன் சுவை பார்க்கப்பட்டது?

ரப்பர்த் தோட்டத்துப் பத்திரிகைக்குத் தேயிலை மலையில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மலையானாலும் சமவெளியானாலும் தோட்டத் தொழிலாளி ஒருவரே. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், ஹபுவிலும் சுங்கை பாலாஸிலும் புளூவேலியிலும் காட்டை அழித்துச் செடி நட்ட கைகள், கீழே பால்மரம் நட்ட கைகளின் உடன்பிறந்த கைகளே. இன்று அந்தச் சரிவுகளில் நம்மவரோடு வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். இரும்புச் சட்டம் முறிந்து விழும்போது அது ஆளின் மொழியைக் கேட்டு விழுவதில்லை. தவிர, தேயிலை ஆலைக்குச் சொல்வது ரப்பர் ஆலைக்கும், எண்ணெய் ஆலைக்கும், லயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

இதை எழுதுகிறவர் சில ஆண்டுகளுக்கு முன் மலைத் தோட்டம் ஒன்றின் ஆலைக்குள் போயிருந்தார். எந்தத் தோட்டம் என்பது இங்கே முக்கியமல்ல. கொழுந்து வாட்டும் மாடிக்குப் போகும் படியில் கைப்பிடிக் கம்பி புதிதாகப் போடப்பட்டிருந்தது. வெள்ளிச் சாயம் கண்ணைப் பறித்தது. கூட வந்த அம்மாள் ஒருவர், "ஐயா, அதைப் பிடிக்காதீங்க, ஆடுது" என்றார். கம்பி தூணோடு சேரும் இடத்தில் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தபோது நகம் உள்ளே போயிற்று. இரும்புக்குள் நகம் போகுமா? அது இரும்பல்ல, இடைவெளியை நிரப்பி வைத்த பட்டி. அதன் மேல் சாயம். ஒட்டு என்று இருந்தது தூணின் ஒரு பக்கத்தில் இரண்டே இரண்டு பொட்டுகள். அன்றைக்கு யாரும் விழவில்லை. விழாததற்குக் காரணம் கண்டிராக்டர் அல்லர், நிர்வாகமும் அல்ல. "பிடிக்காதீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பெண்கள்தான். பாதுகாப்புக்காகப் போட்ட கம்பியைப் பிடிக்காமல் நடப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிட்ட வேடிக்கையை என்னவென்று சொல்வது!

வெல்டிங் வேலையில் ஏமாற்றுவது சுலபம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆணி அடித்தால் தலை தெரியும். போல்ட்டு முடுக்கினால் நட்டு தெரியும். ஒட்டு அப்படியல்ல. குச்சி உருகி, இரண்டு இரும்பின் ஓரங்களும் உருகி, மூன்றும் ஒன்றாய்க் கலந்து உறைந்தால்தான் அது ஒட்டு. ஓரங்கள் உருகாமல் குச்சி மட்டும் உருகி மேலே படிந்தால், அது சுவரில் ஒட்டிய மெழுகுக்குச் சமம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கொஞ்சம் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, சாயமும் பூசிவிட்டால் கெட்டிக்கார எஞ்சினியரும் கண்ணால் மட்டும் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஆகவே சாயம் பூசுவதற்கு முன்னால் பார்ப்பதுதான் பார்வை. பூசிய பிறகு பார்ப்பது சாயத்தைப் பார்ப்பது.

சிறிய ஒட்டுத்தானே, கைப்பிடிக் கம்பிதானே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பவர்கள் 1980-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி நோர்வே நாட்டுக் கடலில் நடந்ததைக் கேட்கட்டும். எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்று ஒரு மிதக்கும் மேடை இருந்தது. எண்ணெய் எடுக்கும் மேடையல்ல. அங்கே வேலை செய்யும் தொழிலாளர் உண்டு உறங்கும் விடுதியாக அது பயன்பட்டு வந்தது. நம் பாஷையில் சொன்னால் கடலில் மிதந்த லயம். ஐந்து கால்களில் நின்ற அந்த மேடையின் கால்களை இணைத்த பெரும் குழாய்களில் ஒன்றில் சிறு கருவியொன்றைப் பொருத்துவதற்காகத் துளையிட்டு, ஒரு தாங்கியைச் செருகி, சுற்றிலும் ஒட்டியிருந்தார்கள். ஒட்டின் கனம் வெறும் 6 மில்லிமீட்டர். பாரம் தாங்கும் ஒட்டல்ல என்பதால் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

அந்தச் சின்ன ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அதில் விழுந்த வெடிப்பு பெரிய குழாய்க்குள் பரவிற்று. அலை அடிக்க அடிக்க வெடிப்பு வளர்ந்தது. புயல் வீசிய அந்த மாலையில் குழாய் முறிந்தது. அடுத்தடுத்து மற்றக் குழாய்களும் முறிந்தன. ஒரு கால் கழன்றது. சுமார் 20 நிமிஷத்தில் மேடை கவிழ்ந்தது. மேடையில் இருந்தவர் 212 பேர். மாண்டவர் 123 பேர். பிறகு முறிந்த துண்டுகளை எடுத்துச் சோதித்தபோது, அந்தத் தாங்கியின் ஒட்டில் இருந்த வெடிப்புக்குள்ளே சாயம் இருக்கக் கண்டார்கள்.

தோழர்களே, இதன் பொருள் என்ன? மேடை கட்டப்பட்ட இடத்திலேயே, கடலைக் காணும் முன்னரே அந்த வெடிப்பு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் தூரிகையை எடுத்து அதன் மேல் சாயம் பூசியிருக்கிறார். பூசிய கை குற்றமறியாத கையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தூரிகை வருவதற்கு முன்னால் ஒரு கண் வந்திருக்க வேண்டும். அது வரவில்லை.

இதுபோல் இன்னும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து கிங்ஸ் பாலம் 1961-ல் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலை 10-ந் தேதியே பார வண்டியொன்று போகும்போது முறிந்து தொய்ந்தது. உத்திரங்களின் ஒட்டுகளில் இருந்த வெடிப்புகளே காரணம். தென்கொரியாவின் சியோல் நகரில் சொங்சு பாலம் 1979-ல் கட்டப்பட்டது. 1994 அக்டோபர் 21-ந் தேதி காலையில், வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் கடக்கும் நேரத்தில், நடுவிலே ஒரு பகுதி ஆற்றில் விழுந்து 32 பேர் இறந்தனர். அங்கும் ஒட்டு ஒழுங்காக இல்லை. கட்டிய பின் கவனிப்பும் இல்லை. பெரிய தேசங்களில், பெரிய எஞ்சினியர்கள் கண்முன்னே இப்படி நடக்குமானால், மேற்பார்வைக்கு ஒரு கிராணியை அனுப்பிவிட்டு ஆபீசில் இருந்து செக் எழுதும் இடத்தில் என்னதான் நடக்காது?

கேமரன் மலைக்கென்று தனியாக ஒரு சங்கடமும் இருக்கிறது. அதுதான் ஈரம். பனியும் மூடுபனியும் தூறலும் அங்கே அன்றாடக் காரியம். வெல்டிங் குச்சியின் மேல் பூசியிருக்கும் மருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய குச்சியால் ஒட்டினால் உள்ளே வாயு சிக்கி ஊசித்துளைகள் விழும். கனத்த இரும்பிலும் கடினமான இரும்பிலும் வெடிப்பே உண்டாகும். அந்த வெடிப்பு ஒட்டிய உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்துக்கூடத் தோன்றும். பாரம் தாங்கும் வேலைக்கென்று உள்ள குச்சிகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும் என்று அவற்றைச் செய்பவர்களே சொல்கிறார்கள். கண்டிராக்டரின் வண்டியில் சூட்டுப் பெட்டி இருக்கிறதா, அல்லது கிழிந்த அட்டைப் பெட்டியில் குச்சிகள் நனைந்து கிடக்கின்றனவா என்று பார்ப்பதற்கு எஞ்சினியர் பட்டம் தேவையில்லை. இரண்டு கண் போதும்.

இன்னொன்று துரு. சமவெளியில் பத்தாண்டு தாங்கும் இரும்பு, எந்நேரமும் நனைந்து கிடக்கும் இடத்தில் அத்தனை காலம் தாங்காது. ஒட்டில் துளை இருந்தால் நீர் அதற்குள் இறங்கி உள்ளிருந்தே தின்னும். நாக முலாம் பூசிய குழாயைச் சுரண்டாமல் அப்படியே ஒட்டினால், முலாம் எரிந்து வெண்புகை கிளம்பி ஒட்டில் துளை விழுவதோடு, புகையைச் சுவாசித்த வெல்டருக்குக் குளிர்காய்ச்சலும் வரும். எரிந்த இடத்தில் முலாம் போய்விடுவதால், அங்கே நாகச் சாயம் பூசாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

சரி, நல்ல ஒட்டு எது, கெட்ட ஒட்டு எது என்று தொழிலாளி எப்படி அறிவது? முழுச் சோதனை தேர்ந்தவரின் வேலை. ஆனால் முதற்சோதனை எவராலும் முடியும். நம் கிளைக் கமிட்டிகள் இவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளட்டும்.

முதலாவது, வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியது. எந்த இடத்தில் எவ்வளவு கனத்தில், எவ்வளவு நீளத்தில் ஒட்டு வேண்டும் என்று வரைபடம் இருக்கிறதா? வரைபடம் இல்லாத வேலைக்குக் கண்டிராக்டரின் இஷ்டமே அளவு. இரும்பின் துருவும் பழைய சாயமும் எண்ணெயும் சுரண்டப்பட்டனவா? இரண்டு துண்டுகளும் நெருங்கிப் பொருந்துகின்றனவா? பொருந்தாத சந்தில் கம்பித் துண்டுகளைச் செருகி மேலே பூசி மெழுகுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். அதைக் கண்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒட்டுகிறவரின் தகுதி. திறன் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. தரையில் கிடத்தி ஒட்டத் தெரிந்தவருக்குத் தலைக்கு மேலே ஒட்டத் தெரியும் என்பதில்லை. உருகிய இரும்பு கீழே இழுக்கும். எந்த நிலையில் ஒட்டுவதற்குத் தேர்ந்தவர் என்பதைக் கேட்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அதே ஆள், அதே குச்சி, அதே நிலையில் இரண்டு துண்டுகளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதைப் பிடிக்குறட்டில் இறுக்கி, சுத்தியால் அடித்து உடைத்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் துளையும் கசடும் இல்லாமல், ஓரம் முழுதும் உருகிக் கலந்திருந்தால் ஆள் தேறினார். ஒட்டு அப்படியே இரும்பைவிட்டுப் பெயர்ந்து வந்தால் தேறவில்லை. தேயிலைக்குச் சுவை பார்க்கும் கிண்ணம் எப்படியோ, வெல்டிங்குக்கு அந்த உடைத்த துண்டு அப்படி.

மூன்றாவது, ஒட்டிய பிறகு, சாயத்துக்கு முன். மேலே படிந்த கசடு முழுதும் தட்டி எடுக்கப்பட வேண்டும். கசட்டோடு விட்டவர் தம் வேலையைத் தாமே பார்க்காதவர். ஒட்டு ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டு இரும்பின் மேலும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். ஒட்டின் ஓரமாக இரும்பில் வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருந்தால், அங்கே இரும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். ஊசித்துளைகள், முடிவிடத்தில் குழி, அந்தக் குழிக்குள் நட்சத்திரம் போல் கீறல் ஆகியவை இருக்கக் கூடாது. வெடிப்பு எவ்வளவு சிறியதானாலும் மன்னிப்பு இல்லை. சுரண்டி எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். இரு பக்கமும் ஒட்ட வேண்டியதை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறார்களா என்று குனிந்து அடியிலே பாருங்கள். கையெட்டாத, கண்ணெட்டாத பக்கத்தில்தான் வேலை குறையும்.

நான்காவது, கண்ணுக்கு எட்டாததற்குக் கருவி. சுத்தியால் தட்டி ஓசை கேட்டுப் பார்த்தால் போதும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். வெடிப்பைக் காட்டச் சிவப்புச் சாய மருந்து இருக்கிறது. ஒட்டைத் துடைத்து, மருந்தைத் தெளித்து ஊறவிட்டு, மீண்டும் துடைத்து, வெள்ளை மருந்தை மேலே தெளித்தால் வெடிப்பு இருக்கும் இடம் சிவப்புக் கோடாய் எழும். அரை மணி நேர வேலைதான். தண்ணீர்த் தொட்டிக்கோ இன்னும் மலிவு: ஒட்டின் வெளிப்புறம் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவிட்டு, உட்புறம் மண்ணெண்ணெய் தடவினால், துளை இருக்கும் இடத்தில் வெள்ளையில் கறை ஊறிவரும். பிறகு மண்ணெண்ணெயை நன்றாகக் கழுவிவிட வேண்டும். பலர் ஏறி நிற்கும் மேடைக்கும் கூரைச் சட்டத்துக்கும் ஒலியலைச் சோதனை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆவிக் கொதிகலனோ, அழுத்தத்தில் காற்றோ நீராவியோ அடைத்து வைக்கும் கலமோ என்றால், அதில் இலாகாவின் அனுமதி இல்லாமல் யாரும் குச்சியை வைக்கவே கூடாது. அது தோட்டத்துப் பட்டறையில் தீர்க்கும் காரியமல்ல.

ஐந்தாவது, தீ. காய்ந்த தேயிலைத் தூசும் பஞ்சும் படிந்த ஆலையில் ஒரு பொறி போதும். வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கூட்டித் துடைத்து, தீயணைக்கும் கருவியோடு ஓர் ஆளை நிறுத்தி, வேலை முடிந்த பின்னும் சற்று நேரம் காவல் இருக்க வேண்டும். பொறி உடனே எரிவதில்லை. பதுங்கிக் கிடந்து, எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் எரியும்.

இவ்வளவும் கேட்ட பின் நிர்வாகத் தரப்பில் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். "வேலையைக் கண்டிராக்ட் கொடுத்துவிட்டோம், நல்லது கெட்டதற்கு அவரே பொறுப்பு" என்பார்கள். இந்தப் பதில் செல்லாது. 1967-ம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டு, 1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024-ம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கின்றன. கண்டிராக்டரை அமர்த்தி அவர் வேலையை நடத்தும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று அதில் தனிப் பிரிவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலையில் உள்ள அபாயங்களை முன்கூட்டியே ஆராய்ந்து பதிவு செய்வதும் கடமையாக்கப்பட்டிருக்கிறது. முதலாளியின் கடமை தவறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கண்டிராக்டைக் கைமாற்றலாம், கடமையைக் கைமாற்ற முடியாது.

தொழிலாளிக்கும் அந்தச் சட்டம் ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. உடனடி அபாயம் இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை எடுத்துச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்கப்பட வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். பெயருக்கு உட்கார்ந்து தேநீர் அருந்திவிட்டு எழுந்து வருவதற்கல்ல அந்த நாற்காலி. "புதுப் படிக்கட்டின் ஒட்டைச் சோதித்த ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்பதற்குத்தான்.

செலவாகுமே என்ற முணுமுணுப்பும் எழும். மலையைப் பார்க்க வரும் பயணிகள் நின்று தேநீர் அருந்தும் மேடைக்கு எஞ்சினியரின் கையெழுத்து வேண்டும் என்பதை யாரும் செலவென்று சொல்வதில்லை. பயணி வருஷத்துக்கு ஒரு தரம் அரை மணி நேரம் அங்கே நிற்கிறார். தொழிலாளி கொழுந்து மூட்டையோடு ஒரு நாளில் எத்தனை தரம் ஆலைப் படி ஏறி இறங்குகிறார்? யாருடைய கால் அதிகம் படுகிறதோ அந்தப் படிக்கல்லவா அதிகச் சோதனை வேண்டும்?

இங்கே இன்னொரு விஷயத்தையும் நாம் மறக்கக் கூடாது. வெல்டர் நமக்கு எதிரியல்லர். அவரும் ஒரு தொழிலாளி. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று நிர்வாகம் தீர்மானிக்கிறது. வேலையைப் பெற்றவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிறார். கடைசியில் முகமூடி சரியில்லாமல், நனைந்த காலணியோடு, ஈரத் தரையில் மின்சாரத்துக்கு அஞ்சிக்கொண்டு, நாலு நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்கச் சொல்லி விரட்டப்படும் ஆள்தான் அந்த ஒட்டை ஒட்டுகிறார். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017-ல் திட்டமாகக் கூறிவிட்டது. அந்தப் புகையை அவர் காற்றோட்டமில்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து குடிக்கிறார். அவருக்கு நல்ல முகமூடியும், உலர்ந்த குச்சியும், போதிய நேரமும், நியாயமான கூலியும் கொடுத்தால் நல்ல ஒட்டு தானே வரும். கெட்ட ஒட்டைத் தோண்டிப் பார்த்தால் அடியிலே பெரும்பாலும் கெட்ட டெண்டர் ஒன்று கிடக்கும்.

ஆகவே நம் கோரிக்கை நீளமானதல்ல. தோட்டத்தில் நடக்கும் எந்த வெல்டிங் வேலையும் சாயம் பூசுவதற்கு முன் சோதிக்கப்பட வேண்டும். கனத்த வேலையானால் ஒட்டி முடித்து இரண்டு நாள் கழித்துச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் கண்டிராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. அந்தப் படியில் ஏறப் போகிற, அந்தத் தொட்டியின் கீழ் நடக்கப் போகிற தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் உடன் நிற்க வேண்டும். யார் ஒட்டினார், எந்தக் குச்சியால் ஒட்டினார், யார் பார்த்தார், என்றைக்குப் பார்த்தார் என்பது புத்தகத்தில் எழுதப்பட்டுக் கையெழுத்தாக வேண்டும். கையெழுத்து ஆனபின்தான் பில்லுக்குப் பணம். தேறாத ஒட்டுக்குக் கூலி இல்லை என்பது கண்டிராக்டருக்கு அதிகக் கொடுமையாகத் தோன்றினால், முற்றிய இலைக்கு எடை கழிக்கப்பட்டவரிடம் வந்து அவர் ஆறுதல் கேட்கட்டும்.

ஏற்கெனவே சாயம் பூசி நிற்கும் பழைய வேலைகளுக்கும் ஒரு வழி உண்டு. அவற்றை எஞ்சினியர் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். நாம் தினமும் பார்க்கிறோம். ஒட்டின் ஓரத்தில் சாயம் மயிரிழை போல் கோடு விட்டிருக்கிறதா? மழை விட்ட பின் அந்தக் கோட்டிலிருந்து தவிட்டு நிறத்தில் துரு வழிந்திருக்கிறதா? கால் வைத்தால் நேற்றில்லாத ஆட்டம் இன்று இருக்கிறதா? அடுப்பின் கதவு, வாட்டும் தொட்டியின் விசிறிக் கூடு, ஆட்களை ஏற்றிப் போகும் லாரியின் இருக்கைச் சட்டம், லயத்துக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். கண்டதைத் தேதியிட்டு எழுதுங்கள். படம் எடுத்து வையுங்கள். கமிட்டியில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ் தெரியாத தோழருக்கு அவர் பாஷையில் சொல்லுங்கள். வாயால் சொன்ன புகார் விபத்து நடந்த மறுநாள் யார் காதிலும் விழுந்திராது. எழுதிக் கொடுத்த புகார் அப்படியே இருக்கும்.

வாட்டும் மாடிப் படியில் அந்த அம்மாள் சொன்ன சொல்லை மறுபடி நினைத்துப் பார்க்கிறோம். "அதைப் பிடிக்காதீங்க, ஆடுது." அந்த ஆலையில் அதைவிட நேர்மையான சோதனை ரிப்போர்ட்டை அன்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இனி அந்தச் சொல் படியிலேயே நின்றுவிடக் கூடாது. கமிட்டி மேஜைக்கு வர வேண்டும், நிர்வாகத்தின் புத்தகத்தில் ஏற வேண்டும், கண்டிராக்டரின் பில்லைத் தடுத்து நிறுத்த வேண்டும். நம் பாலும் நம் கொழுந்தும் சோதனைக்கு அஞ்சியதில்லை. கண்டிராக்டரின் இரும்பும் அஞ்ச வேண்டாம்; சாயம் பூசும் முன் வெளிச்சத்துக்கு வரட்டும்.